பழைய ஸ்விஃப்டா, எக்ஸ்யுவி700-ஆ? மாறுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பன்னிரண்டு வருடம் ஓடிய ஸ்விஃப்டில் ஷோரூமுக்குப் போய், அங்கே நிற்கும் எக்ஸ்யுவி700-ஐ ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தால், முடிவு அப்போதே எடுத்தாயிற்று என்று அர்த்தம். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் எல்லாம் தேய்ந்து, டயர் கல்லாகி, கிளட்ச் கனத்துப்போன வண்டிக்கும் நேற்றுதான் சீட்டு உறை பிரித்த வண்டிக்கும் போட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்? அந்த ஒரு ரவுண்டில் நமக்குத் தெரிவது பழைய ரப்பருக்கும் புதிய ரப்பருக்கும் உள்ள வித்தியாசம்தான். காருக்கும் காருக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 2011 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோலையும் 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யுவி700-ஐயும். போலோ, ஐ20, ஃபிகோ வைத்துக்கொண்டு ஹாரியர், சஃபாரி, ஹெக்டர் பக்கம் பார்ப்பவர்களுக்கும் முறை இதேதான். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய வண்டியை ஒரு நிலைக்குக் கொண்டுவாருங்கள்

பழுது பார்க்க மனமில்லை என்றாலும், பார்த்தால் எவ்வளவு ஆகும் என்ற எஸ்டிமேட்டாவது கையில் இருக்க வேண்டும். பொதுவாக "வண்டி பழசாகிவிட்டது" என்று நாம் சொல்லும் உணர்வு நான்கைந்து பாகங்களிலிருந்துதான் வருகிறது.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழியில் முன்பக்கம் கடகடவென்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைப் பாருங்கள். மலிவான பாகம், முக்கால்வாசி சத்தம் இதில்தான். பிரேக் போடும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, நேர் ரோட்டில் அலைந்தாலோ லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டங்கென்று உதைத்தால் ஸ்ட்ரட் மவுண்ட். ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் வழிந்த கறை இருந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக்கில் வண்டி கோணலாகும்.

ஏசி போட்டு நிற்கும்போது ஸ்டீயரிங், சீட்டு எல்லாம் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங் இறங்கிவிட்டது. இதை இன்ஜின் போய்விட்டது என்று நினைத்து வண்டியை விற்பவர்கள் உண்டு. வேகம் ஏற ஏற ஒரே சீராக ஊளையிட்டு, வளைவில் சத்தம் மாறினால் வீல் பேரிங்.

கிளட்ச் சோதனை எளிது. காலி ரோட்டில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறி, வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது. நகரில் ஓட்டுபவர்களுக்கு இடது கால் வலிக்கக் கிளட்ச் கனமே காரணம். பிளேட், கவர், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றினால் மிதி பாதியாக இளகும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்ற ஆசையின் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரில் பட்டன், அதாவது மேல் தடம், இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஈர ரோட்டில் பிரேக் தூரம் கூடும், குழியின் அடி நேராக முதுகுக்கு வரும். ஸ்விஃப்டில் ரகத்தைப் பொறுத்து 165/80 ஆர்14 அல்லது 185/65 ஆர்15. நான்கும் மாற்ற 18,000 முதல் 24,000 ரூபாய் வரை ஆகும்.

இவற்றோடு மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போடுவது, ஏசியின் கேபின் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி சுத்தம், வீல் அலைன்மென்ட். முழுதும் கம்பெனி ஸ்பேர் போட்டு வெளி மெக்கானிக்கிடம் செய்தால், டயரையும் கிளட்ச்சையும் சேர்த்து 60,000 முதல் 80,000 ரூபாய்க்குள் அடங்கும். கே-சீரிஸ் 1,197 சிசி இன்ஜினில் டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

வண்டி நான்கு லட்சம் பெறாது, அதற்கு முக்கால் லட்சம் செலவா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே தப்பு. இந்தச் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடக்கூடாது. அதற்குப் பதிலாக வாங்கப்போகும் வண்டி முதல் வருடம் இழக்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும்.

சில வண்டிகளில் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஜாக்கி வைக்கும் இடம், தரைத்தகடு, ஷாக் மேலே பொருந்தும் தகடு ஆகியவற்றில் துரு ஓட்டை போட்டிருந்தால் அது அஸ்திவாரப் பிரச்சினை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் நின்ற வண்டிகளில் அவசியம் லிஃப்டில் தூக்கிப் பாருங்கள். வெள்ளத்தில் டேஷ்போர்டு வரை மூழ்கி எழுந்த வண்டி, சேசிஸ் நிமிர்த்திய வண்டி ஆகியவையும் அப்படியே. கம்ப்ரஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டி, காலையில் நீலப் புகையும் வந்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

ஐந்து வருடக் கணக்கு

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். வருடம் 12,000 கி.மீ., ஐந்து வருடம், மொத்தம் 60,000 கி.மீ. என்று வைப்போம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50. இங்கே வரும் தொகைகள் கணக்கு போடும் வழியைக் காட்டுவதற்கு. உங்கள் ஊர் விலையை இட்டு நிரப்புங்கள்.

பழைய ஸ்விஃப்ட்: இன்று விற்றால் 3.5 லட்சம், ஐந்து வருடம் கழித்து 1.5 லட்சம்; மதிப்பிழப்பு 2 லட்சம். இப்போது செய்யும் பழுது 80,000. அதன்பின் வருடம் 25,000 வீதம் சர்வீஸும் சில்லறைப் பழுதும் 1.25 லட்சம். லிட்டருக்கு 14 கி.மீ. கிடைத்தால் பெட்ரோல் 4.33 லட்சம். இன்சூரன்ஸ் 45,000. கூட்டினால் சுமார் 8.8 லட்சம், கிலோமீட்டருக்கு 15 ரூபாய்.

எக்ஸ்யுவி700 டீசல் ஆட்டோமேட்டிக்: ஆன்ரோடு 26 லட்சம், ஐந்து வருடத்தில் பாதி போனால் மதிப்பிழப்பு 13 லட்சம். 15 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதத் தவணை 31,138 ரூபாய். வட்டி மட்டும் 3.68 லட்சம். லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்தால் டீசல் 5.05 லட்சம். சர்வீஸ் ஒரு லட்சம், ஒரு செட் டயர் 65,000, முதல் வருடம் போக மீதி நான்கு வருட இன்சூரன்ஸ் 2.2 லட்சம். கூட்டினால் 25.6 லட்சம், கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 43 ரூபாய்.

வித்தியாசம் 16.75 லட்சம்; மாதம் 28,000 ரூபாய். இதில் எரிபொருளின் பங்கு 72,000 ரூபாய்தான். டீக்கடையிலும் அலுவலகத்திலும் மணிக்கணக்காகப் போடும் மைலேஜ் சண்டை மொத்த வித்தியாசத்தில் ஐந்து சதவீதம்கூடத் தேறாது. பணம் போவது மதிப்பிழப்பிலும் வட்டியிலும். ஆகவே புதிய வண்டியை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதே கணக்கின் மையம்: பத்து வருடம் ஓட்டுபவருக்குக் கிலோமீட்டர் செலவு நன்றாகக் குறையும், நான்காம் வருடம் மாற்றுபவருக்கு எகிறும்.

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டியது ஆயுள் வரி. 2023 நவம்பரில் வந்த திருத்தத்தின்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எல்லைக்கோட்டில் நிற்கும் ரகத்தில் இது கடிக்கும்: 19.9 லட்சம் வண்டிக்கு வரி 3.58 லட்சம், 20.1 லட்சம் வண்டிக்கு 4.02 லட்சம். வெறும் 20,000 ரூபாய் விலை வித்தியாசத்துக்கு வரியில் 44,000. சன்ரூஃப் இருக்கும் அடுத்த ரகத்துக்குத் தாவும் முன் இதைப் பாருங்கள். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு டீலர் பிடிக்கும் ஒரு சதவீத டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) செலவுக் கணக்கில் சேராது. வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.

ஸ்விஃப்ட் பக்கத்தில் மறந்துபோகும் ஒரு செலவு: 15 வருடம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2012-இல் பதிவான வண்டிக்கு அது 2027-இல் வரும். 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கு இந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். டெல்லியில் பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 வருடம் என்று விதிக்கப்பட்ட தடை தலைநகர் வட்டாரத்துக்கு உரியது. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இங்கே பயந்து விற்க வேண்டியதில்லை.

மைலேஜை அளப்பதானால் டேங்க்-டு-டேங்க் முறையில் அளங்கள். ஒரே பங்க், முடிந்தால் அதே முனை, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்துங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓட்டி மீண்டும் அதேபோல் நிரப்பி வகுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு திரை காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். பழைய ஸ்விஃப்ட் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உருவானது. இன்றைய இ20 (இருபது சதவீத எத்தனால்) பெட்ரோலில் மைலேஜ் சில சதவீதம் இறங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. எரிபொருள் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், பம்ப் கேஸ்கட் ஆகியவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் கசிவுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளில் இந்த ரப்பர் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்.

சாக்பீஸால் ஒரு செவ்வகம்

ஸ்விஃப்ட் 3,850 மி.மீ. நீளம், 1,695 அகலம். எக்ஸ்யுவி700 4,695 நீளம், 1,890 அகலம், 1,755 உயரம். காகிதத்தில் 20 செ.மீ. அகலம் ஒன்றுமில்லாததுபோல் தெரியும். வீட்டு வாசலில் சாக்பீஸால் 4.7 மீட்டருக்கு 1.9 மீட்டர் வரைந்து, இரண்டு பக்கமும் கதவு திறக்க 60 செ.மீ. விட்டுப் பாருங்கள்.

அடுக்குமாடியில் ஒரு கார் இடம் வழக்கமாக 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அதன் நடுவில் ஸ்விஃப்ட் நின்றால் பக்கத்துக்கு 40 செ.மீ. மிஞ்சும், எக்ஸ்யுவி700 நின்றால் 30. பக்கத்து இடத்திலும் இன்னொரு பெரிய வண்டி வந்துவிட்டால், வயதானவர்களை வெளியே இறக்கிவிட்டுத்தான் உள்ளே நிறுத்த வேண்டிவரும். தூண் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஓட்டுநர் பக்கம் தூண் இருந்தால் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதே வழி.

தனி வீடு என்றால் கேட்டின் முழு அகலத்தை அளக்காதீர்கள். திறந்த கதவின் தடிமன், கீல், தாழ்ப்பாள் கம்பி போக மிஞ்சும் சுத்தமான இடைவெளியை அளங்கள். பக்கக் கண்ணாடி விரித்த நிலையில் எக்ஸ்யுவி700 இரண்டு மீட்டரைத் தாண்டும். எட்டடி கேட்டில் நேராக வந்தால் நுழையும். குறுகிய தெருவிலிருந்து திரும்பி நுழைய வேண்டுமானால் தெரு அகலமும் கணக்கில் வரும். டெமோ வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. பெரும்பாலான டீலர்கள் மறுக்க மாட்டார்கள். இயந்திர அடுக்குப் பார்க்கிங் உள்ள கட்டடத்தில் தட்டின் எடை, உயர வரம்புகள் பலகையில் எழுதியிருக்கும். கார் தட்டும் எஸ்யுவி தட்டும் வேறு வேறு.

இன்னொரு அளவை யாரும் எடுப்பதில்லை. பானெட்டுக்கு முன்னால் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனை வையுங்கள். உயரம் தோராயமாக ஒரு தவழும் குழந்தை. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் வழக்கமான நிலையில் உட்கார்ந்து, கேன் கண்ணுக்குத் தெரியும்வரை அதை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். பம்பரிலிருந்து கேன் வரை டேப்பால் அளந்து, இரண்டு வண்டிக்கும் எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கத்துக்கும் அதையே செய்யுங்கள். சுற்றுக் கேமரா உள்ள ரகத்தில் பின்பக்கம் சமாளித்துவிடலாம். ஆனால் மழையில் சேறு படிந்த கேமராவை நம்பக்கூடாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த அளவு வீல் டிசைனைவிட முக்கியம்.

பழுது பார்த்தாலும் சரியாகாத ஒன்று

மேலே சொன்ன பழுதெல்லாம் பார்த்தபின் ஸ்விஃப்ட் நன்றாகவே ஓடும். ஆனால் அதன் உடற்கூட்டின் பலத்தை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கூட்ட முடியாது. 2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனை அமைப்பு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்த இந்திய ஸ்விஃப்ட், ஏர்பேக் இல்லாத ரகம், பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. 2021 நவம்பரில் எக்ஸ்யுவி700 அதே அமைப்பிடம் 17-க்கு 16.03 புள்ளியுடன் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. குழந்தைகள் பாதுகாப்பில் நான்கு.

நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அந்தச் சோதனை, வண்டி தன் எடையுள்ள இன்னொரு வண்டியோடு மோதுவதற்கு நிகரானது. நெடுஞ்சாலையில் எதிரே வருவது என்ன எடை என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. 970 கிலோ வண்டியும் 1,900 கிலோ வண்டியும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றாக ஒட்டிக்கொண்டால், பெரிய வண்டியின் வேகம் கண நேரத்தில் 34 கி.மீ. குறையும், சின்ன வண்டி நின்று, பின்னோக்கியும் தள்ளப்படுவதால் அதன் வேக மாற்றம் 66 கி.மீ. உள்ளே இருப்பவர்களின் உடல் தாங்க வேண்டியது அந்த 66-ஐ. ஆகவே இரவில் குடும்பத்தோடு அடிக்கடி திருச்சி, மதுரை, பெங்களூரு ரோடு பிடிப்பவர் என்றால், மேலே போட்ட மாதம் 28,000 ரூபாய்க் கணக்கைவிட இந்தப் பத்திக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். பள்ளி, காய்கறிக் கடை, அலுவலகம், நாள் முழுதும் 40 கி.மீ. வேகம் என்றால் இதன் எடை வெகுவாகக் குறையும்.

உங்கள் ஸ்விஃப்டில் என்ன இருக்கிறது என்பதையும் சரிபாருங்கள். எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். அதற்கு முந்தைய அடிப்படை ரகங்களில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஒன்று வசதியே இல்லை, அல்லது யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

எக்ஸ்யுவி700 பக்கமும் ரகத்துக்கு ரகம் மாறும். சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி, பக்கவாட்டுத் திரை ஏர்பேக், அது மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்பதெல்லாம் நீங்கள் வாங்கும் ரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் வருவது எப்போதும் உச்ச ரகம். உயரமான வண்டிக்கு ஈஎஸ்சி இல்லாமல் வாங்காதீர்கள். திடீரென ஸ்டீயரிங் ஒடிக்கும்போது கவிழும் வாய்ப்பு உயரத்தோடு கூடுகிறது. கூரையில் சாமான் கட்டினால் இன்னும் கூடும்.

ஓட்டிப் பார்ப்பது

இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில், ஒரே ஆட்களோடு ஓட்டுங்கள். டீலர் தரும் பதினைந்து நிமிடச் சுற்று போதாது. செல்ஃப் டிரைவ் வாடகைக்கு அதே எக்ஸ்யுவி700-ஐ ஒரு சனி, ஞாயிறு எடுங்கள். வாடகை சில ஆயிரம் ஆகும், 26 லட்ச முடிவுக்கு முன் அது பெரிய தொகை இல்லை. புறப்படும் முன் இரண்டிலும் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். காற்று கூடுதலாக இருக்கும் டெமோ வண்டி குதிக்கும், குறைவாக இருப்பது மெத்தென்று ஏமாற்றும்.

ஓட்டுவதைவிட உட்காருவதில் அதிக நேரம் செலவிடுங்கள். வீட்டில் மூட்டு வலி உள்ள பெரியவரை இரண்டு வண்டியிலும் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்டில் தாழ உட்கார்ந்து எழ வேண்டும். எக்ஸ்யுவியில் காலைத் தூக்கி ஏற வேண்டும். எது அவருக்குச் சுலபம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மூன்றாம் வரிசையில் யார் உட்காரப்போகிறாரோ அவரே அரை மணி நேரம் உட்கார்ந்து பயணிக்க வேண்டும். ஏழு பேரும் ஏறியபின் பின்னால் இரண்டு டிராலிப் பெட்டி வையுங்கள். ஏழு சீட்டு வண்டியில் ஏழு பேரும் அவர்கள் சாமானும் சேர்ந்து போவது அரிது என்பது அங்கே விளங்கும். வருடத்தில் இரண்டு முறை குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் ஏழு பேர் என்றால், அந்த இரண்டு நாளுக்கு டிரைவரோடு இன்னோவா வாடகைக்கு எடுப்பதன் செலவையும் தாளில் எழுதுங்கள்.

மலைப்பாதை கட்டாயம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ, வால்பாறையின் 40-ஓ, எது பக்கமோ அது. எக்ஸ்யுவியின் டீசல் இழுவை ஏற்றத்தில் சுகம். ஸ்விஃப்டில் நான்கு பேரோடு ஏசி போட்டால் இரண்டாம் கியரை விட்டு வர முடியாது. ஆனால் எதிரே பஸ் வரும் வளைவில் 20 செ.மீ. குறைந்த அகலமும் 4.8 மீட்டர் திரும்பு ஆரமும் ஸ்விஃப்டுக்குப் பெரிய வரம். இறக்கத்தில் இரண்டு டன்னை நெருங்கும் வண்டியை ஆட்டோமேட்டிக் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் சூடாகி மிதி இறங்கும். மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாம், மூன்றாம் கியரில் பிடித்து இறக்குங்கள். பின்வரிசையில் இருப்பவருக்குக் குமட்டுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீசலா, பெட்ரோலா

எக்ஸ்யுவியில் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் 200 குதிரைத்திறன், 2.2 லிட்டர் டீசல் உயர் ரகங்களில் 185. நகர நெரிசலில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 8 கி.மீ. அளவில்தான் நிற்கும். வருடம் 12,000 கி.மீ.க்கு அது 1.5 லட்சம் ரூபாய். டீசலுக்கு ஒரு லட்சம். இதைப் பார்த்ததும் டீசல் என்று முடிவெடுப்பவர்கள் பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்ற டீசலின் டிபிஎஃப் வடிகட்டியை மறந்துவிடுகிறார்கள். கரியைப் பிடித்துவைக்கும் இந்த வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, சைலன்சர் நன்றாகச் சூடாகி, வண்டி இருபது நிமிடமாவது சீராக ஓட வேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் சுத்தம் பாதியில் நிற்கும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும், எச்சரிக்கை விளக்கு வரும், கடைசியில் வடிகட்டியே அடைத்துப் பெரிய பில் வரும். நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து, ஃபேன் ஓடி, சூட்டு வாடை வந்தால் சுத்தம் நடக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை அணைக்காமல் பைபாஸ் பக்கம் ஒரு சுற்று விட்டு வாருங்கள். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலை வாய்க்காதவருக்குப் பெட்ரோல்தான். அல்லது ஸ்விஃப்டே போதும். புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் ஊற்றும் ரகமாக இருந்தால் அது தீர்ந்தபின் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்பேர் கவுண்டரில் கேட்க வேண்டியவை

சேல்ஸ்மேனிடம் கேட்காமல், அதே வளாகத்தில் இருக்கும் ஸ்பேர் கவுண்டருக்குப் போங்கள். ஒரு ஹெட்லைட், முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி முழு செட், முன் பம்பர், ஒரு சாவி, பின் ஷாக் ஜோடி ஆகியவற்றின் விலையை எழுதி வாங்குங்கள். அதே பட்டியலை ஸ்விஃப்டுக்கும் கேளுங்கள். ஓட்டுநர் உதவிக் கேமரா முன் கண்ணாடியின் பின்னால் இருக்கும் ரகத்தில், ஒரு கல் தெறித்துக் கண்ணாடி மாற்றினாலும் கேமராவை மீண்டும் அளவு சரிசெய்ய வேண்டும். அது அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பில்தான் நடக்கும். உச்ச ரகத்தின் 235/60 ஆர்18 டயர் ஒன்றின் விலையில் ஸ்விஃப்டுக்கு மூன்று வாங்கலாம். 17 அங்குல வீல் உள்ள ரகம் குழி ரோட்டுக்கும் பர்ஸுக்கும் நல்லது, பார்வைக்குக் கொஞ்சம் மட்டு.

பாதி வழியில் நின்றால் என்ன என்பதும் ஒப்பீட்டில் வரும். ஸ்விஃப்டை எந்தச் சின்ன ஊரிலும் மெக்கானிக் திறந்து பார்ப்பார், பாகமும் மறுநாள் வந்துவிடும். எக்ஸ்யுவியில் சென்சார் பிழை என்றால் கம்பெனி ஸ்கேனர் இருக்கும் ஊர் வரை இழுத்துப் போக வேண்டியிருக்கும். நீங்கள் அடிக்கடி போகும் பாதையில் அந்த ஒர்க்‌ஷாப்கள் எங்கெங்கே என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

மாறுவதாக முடிவானால்

எக்ஸ்சேஞ்ச் விலையையும் புதிய வண்டித் தள்ளுபடியையும் தனித்தனியாகப் பேசுங்கள். இரண்டையும் கலந்து பேசினால் ஒன்றில் கொடுத்து இன்னொன்றில் எடுத்துவிடுவார்கள். ஸ்விஃப்டுக்கு வெளிச்சந்தையில் கிராக்கி குறைவதில்லை என்பதால் இரண்டு இடத்தில் விலை கேட்டபின் டீலரிடம் போங்கள்.

இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த போனஸ், 50 சதவீதம் வரை, உங்களுக்குச் சொந்தம்; வண்டிக்கு இல்லை. விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி, புதிய வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளுங்கள். கடிதம் மூன்று வருடம் செல்லும். பெரிய வண்டியில் இது பத்தாயிரக்கணக்கில் மிச்சம். கேட்காவிட்டால் யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

பழைய வண்டியைக் கைமாற்றும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-உம் 30-உம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆர்சியில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் இருக்கும் உரிமையாளரையே சேரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கியவரின் ஆதார் நகல், வண்டி கைமாறிய தேதி, நேரம் எழுதிய ரசீது ஆகியவற்றை வைத்துக்கொண்டு, வண்டிப் பதிவு விவரம் இருக்கும் அரசின் பரிவாகன் தளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். ஃபாஸ்டேக்கைக் கிழித்து எடுத்தால் மட்டும் போதாது. வங்கியில் சொல்லி மூடுங்கள்.